அவுட்டுக்காய் வைப்பதற்குப் பெயர் வேட்டையா?

நேற்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். அவுட்டுக்காய் கடித்துச் செத்த காட்டுப்பன்றி. கீழே "சூப்பர் வேட்டை மாமா" என்று 17 பேர் பாராட்டு. அதில் நாலு பேர் என்னிடம் படித்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வேட்டைக்காரன் எதைச் சுடுகிறோம் என்று பார்த்துச் சுடுவான். குட்டியோடு நிற்கும் தாயை விட்டுவிடுவான். அவுட்டுக்காய்க்குக் கண் இருக்கிறதா? தீனிக்குள் வெடிமருந்தை வைத்து வரப்பில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவனுக்கு எது வந்து கடிக்கும் என்றே தெரியாது. போன வருடம் பக்கத்துத் தோட்டத்துக் கறவை மாடு கடித்தது. தாடை கிழிந்து, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் ஐந்து நாள் நின்று செத்தது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெடி கடித்து, ஆற்றில் நின்றபடியே செத்த சினை யானையை அதற்குள் மறந்துவிட்டோமா?

"சார், உங்களுக்குப் பென்ஷன் வருது. எங்க கடலைக்காட்டை வந்து பாருங்க" என்பீர்கள். நியாயம்தான். என் மரவள்ளியும் அரை ஏக்கர் போயிருக்கிறது. ஆனால் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடும் என்று 2025 ஜனவரியில் நம் அரசு அறிவித்ததே, அதைக் கேட்டு ஒரு மனு கொடுத்தோமா? கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டோமா?

மனுவை நான் எழுதித் தருகிறேன். பாராட்டிய 17 பேரும் வந்து கையெழுத்துப் போடுங்கள்.