துரோகி என்னும் பழிச்சொல்

போர் மூண்டதும் இரு தரப்பிலும் மலிந்துபோகும் சொல் ‘துரோகி’. தன் இனம் இழைக்கும் கொடுமையைக் கண்டிப்பவர்மேல், பகைவனுக்குத் துணைபோனவர் என்னும் பழி உடனே விழுகிறது. இது பழைய பழி. முற்றுகைக்குள்ளான எருசலேமில் எரேமியாவைச் சேற்றுக் கிணற்றில் இறக்கியவர்களும், போர்வீரரின் கைகளைத் தளரச் செய்கிறான் என்றே குற்றஞ்சாட்டினர்.

அதே எருசலேமில், பாலஸ்தீன எழுச்சி தொடங்கிய சில வாரங்களில், 1988 சனவரியில், இஸ்ரயேல் பெண்கள் சிலர் கருப்புடை அணிந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒருமணி நேரம் நாற்சந்தியில் நின்றனர். ஆக்கிரமிப்பை நிறுத்துக என்பதே அவர்கள் ஏந்திய பலகையின் கோரிக்கை. வழிப்போக்கர் நாகூசும் சொற்களால் ஏசினர். அவர்களோ வாய் திறவாது நின்றனர்.

இதனால் போர் நின்றதா என்று கேட்பர். நிற்கவில்லை. ஆயினும் அந்நிலைப்பாடு வேறொன்றைச் செய்தது. இனவெறுப்பு ‘அவர்கள் எல்லாரும்’ என்னும் சொற்களால் உயிர்வாழ்வது. எல்லாரும் கொலைஞர் எனில் எவரையும் கொல்லலாம், குழந்தைக்கும் விலக்கில்லை. எதிர்த்தரப்பில் ஒருவரேனும் ‘இது என் பெயரால் வேண்டா’ என்று வெளிப்படையாகக் கூறினால், ‘எல்லாரும்’ என்பது பொய்யாகிவிடுகிறது. அன்பு உடனே பிறந்துவிடாது. ஆனால் வெறுப்புக்குரிய சாக்கு ஒன்று பறிபோகிறது. 1995இல் தோன்றி, போரில் பிள்ளைகளை இழந்த இஸ்ரயேலரையும் பாலஸ்தீனரையும் ஒருங்கே அமர்த்திவரும் பெற்றோர் வட்டமும் இவ்வுண்மையையே மெய்ப்பிக்கிறது.

‘விவியன் சில்வருக்கு நேர்ந்ததைப் பாரீர்’ என மறுப்போர் உளர். 2014ஆம் ஆண்டுக் காசாப் போருக்குப்பின் அமைதிக்காகப் பெண்களைத் திரட்டியவருள் ஒருவர் அவர். காசாவின் நோயாளிகளை இஸ்ரயேல் மருத்துவமனைகளுக்கு வண்டியில் அழைத்துச் சென்றவர். 2023 அக்டோபர் 4 அன்று அவருடைய இயக்கமும் பாலஸ்தீனப் பெண்களின் இயக்கமும் இணைந்து அமைதி வேண்டிக் கூடின. மூன்றாம் நாள், அக்டோபர் 7 அன்று, ஹமாஸ் நடத்திய தாக்குதலில் பெயேரி குடியிருப்பில் அவர் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 74.

அவர் உழைப்பு வீண் என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர், கொன்றவனின் வாதத்தையே ஏற்கின்றனர். அவனுக்கு யூதர் எல்லாரும் ஒன்று. இவர்களுக்குப் பாலஸ்தீனர் எல்லாரும் ஒன்று. அவருடைய இறுதிச் சடங்கில் யூதரும் அரபியரும் அருகருகே நின்று அழுதனர். மகனோ பழிவாங்கலைக் கேட்கவில்லை; தாயின் சமாதானப் பணியைத் தம் பணியாக்கிக்கொண்டார்.

நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. எதிர்த்தரப்பில் தன் இனத்தைக் கண்டிப்பவனை நாம் மனச்சான்று உள்ளவன் என்று போற்றுகிறோம். நம் தரப்பில் அதையே செய்பவனைத் துரோகி என்று தூற்றுகிறோம். இரண்டும் ஒரே செயல்தான். முன்னவனை வாழ்த்தும் உரிமை, பின்னவனைப் பேசவிடுபவர்க்கே உண்டு.