குரங்கணி நெருப்பும் தலையெழுத்தும்

போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் 2018-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ந் தேதி பற்றிய காட்டுத் தீயினால், மலையேற்றத்துக்கு வந்திருந்த ஆண்களும் பெண்களுமாக 20 பேருக்கு மேல் மாண்டார்கள். எங்கே எவர் இப்படி மாண்டாலும் "தலையெழுத்து" என்று சொல்லி முடித்துவிடுவது நம் நாட்டு வழக்கம். நாமோ, அன்று நெருப்பு நடந்தது எந்தப் பிரமன் எழுத்தின்படியும் அல்ல, காற்றின் குணப்படியே என்று சொல்லுகின்றோம்.

அக்குணம் யாது? அழுத்தம் குறைந்தால் காற்றுப் பருக்கும் என்று ராபர்ட் பாயில் என்பவர் 1662-லேயே எழுதினார். உஷ்ணம் ஏறினாலும் பருக்கும் என்பதைச் சார்லஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1787 வாக்கில் கண்டார். இவற்றை அறியத் தவம் செய்ய வேண்டியதில்லை. போடியில் வாங்கிய வறுவல் பொட்டலம் போடிமெட்டு சேருமுன் உப்பிக்கொள்ளுகின்றதே, அது முதலாவது. மலையேறும் காற்றும் அப்படியே பருத்து, பருப்பதனால் குளிர்ந்து, தன் ஈரத்தை மேகமாகவும் மூடுபனியாகவும் விடுகின்றது. ஏலச் செடியை நனைப்பது இதுவேயன்றி, யாகத்தில் கொட்டிய நெய்யல்ல.

இரண்டாவது குணமே நெருப்பை மலையேற்றுவது. 27 டிகிரிக் காற்றை 327 டிகிரிக்குக் காய்ச்சினால் பருமன் இரட்டிக்கும். ஒரு படிக் காற்றின் எடை பாதியாகும். எடை குறைந்தது மேலே போகும். அடுப்புப் புகை கூரைக்குப் போவதும் இதனாலேயே. மலைச் சரிவிலோ, அந்தச் சுடுகாற்று மேலேயுள்ள புல்லைத் தீ வருமுன்பே வாட்டிப் பற்றத் தயாராக்கி வைக்கின்றது. கீழிருந்து புதுக்காற்று புகுந்து ஊதுகின்றது. மேட்டில் மனிதன் இளைக்கின்றான். நெருப்போ வேகம் கொள்ளுகின்றது.

இது தெரிந்தவன் தீக்கு மேற்பக்கமாக ஏறி ஓடமாட்டான். பக்கவாட்டில் விலகி, புல்லற்ற பாறையையோ, முன்பே எரிந்து தணிந்த தரையையோ தேடுவான். தேடுகிறவர் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் விதியை நம்புகிறவனுக்குத் தேடுவதற்கே வேலையில்லையே!

அன்றியும், தலையெழுத்து என்றவுடன் பொறுப்பாளிகளெல்லாம் தப்பித்துக்கொள்ளுகின்றார்கள். புல் காய்ந்த கோடையில் மலைக்கு ஆட்களை விடலாமா, அவர்களுக்கு வழிகாட்டுவது யார் என்ற கேள்விகள் பிரமன் தலையில் போய் விழுகின்றன. பிரமனை எந்தக் கோர்ட்டில் கூண்டிலேற்றுவது?

பூக்குழி இறங்கக் கூட்டம் கூட்டும் ஊர்களே! தீ மலையேறும் விதத்தை உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது சொல்லிக் கொடுங்கள். உயிர் காப்பது அதுதான்.