கேஸ் கம்பெனி போயிடுச்சு, சுவர் ஓவியம் மட்டும் நிக்குது... யாருக்காக?

லண்டன் ஃபுல்ஹாம் பகுதியில், பீட்டர்பரோ ரோட்டில் 'பைப்பர் பில்டிங்' என்று ஒரு அபார்ட்மென்ட் இருக்கிறது. உயரமான கூரை, பெரிய பெரிய ஜன்னல், லாஃப்ட் ஸ்டைல் வீடுகள். விலை? அதை விடுங்க, மனசு கஷ்டமாகிடும். நம்ம விஷயம் வெளிச்சுவரில் இருக்கிற ஃபைபர்கிளாஸ் ஓவியம். கட்டடத்துக்குப் பெயரே அதை வடிவமைத்தவரிடமிருந்துதான் வந்தது. அவர் ஜான் பைப்பர்.

ஆனால், பைப்பர் இதை அபார்ட்மென்ட்டுக்காகச் செய்யவில்லை. 1960-களின் தொடக்கத்தில் இந்தக் கட்டடம் நார்த் தேம்ஸ் கேஸ் போர்டு என்ற அரசு நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். கேஸ் அடுப்பு, ஹீட்டரையெல்லாம் சோதித்துப் பார்க்கிற இடம். அந்த வேலைக்கு ஏற்ற மாதிரி ஓவியத்துக்கு வைத்த பெயர் 'தி ஸ்பிரிட் ஆஃப் எனர்ஜி'. ஆற்றலின் ஆன்மா என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, யார் இந்த பைப்பர்?

1903-ல் பிறந்த ஆங்கிலேய ஓவியர். கோவென்ட்ரி தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்காகப் பலருக்கும் தெரிந்தவர். இன்னொரு பக்கம், முழுக்க முழுக்க மேடைக்காரர். இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'பில்லி பட்' (1951), 'குளோரியானா' (1953) உள்ளிட்ட பல ஓபராக்களுக்கு செட் போட்டவர்.

நாடக செட் வரைகிறவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் புரியணும். அதனால் நுணுக்கத்தைக் குறைத்து, வடிவத்தையும் நிறத்தையும் பெரிதாக்குவார்கள். தொழிற்கூடச் சுவருக்கும் இதே கணக்குதான். காலையில் அவசரமாக வேலைக்கு வருகிறவர் கேலரியில் நிற்கிற மாதிரி நின்று பார்க்கப் போவதில்லை. நடக்கிற வேகத்தில் கண்ணில் பட்டால் உண்டு.

செட்டுக்கு இன்னொரு குணமும் இருக்கு. நாடகம் முடிந்தால் பிரித்துவிடுவார்கள். 1951-ல் தேம்ஸ் கரையில் நடந்த 'ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்' கண்காட்சிக்காக பைப்பர் 42 பிளைவுட் பலகைகளில் 'தி இங்கிலீஷ்மேன்ஸ் ஹோம்' என்ற சுவரோவியத்தை வரைந்தார். கண்காட்சி முடிந்ததும் அது ஹார்லோ ஊரின் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனது.

ஃபுல்ஹாமில் நடந்தது நேர் எதிர். செட் அப்படியே நின்றது, நாடகம்தான் காலி. 1967 முதல் 1977 வரை பிரிட்டன் நிலக்கரி வாயுவை விட்டுவிட்டு வடகடல் இயற்கை வாயுவுக்கு மாறியது. வீடு வீடாகப் போய் அடுப்பை மாற்றினார்கள். 1990-களில் ஆய்வுக்கூடமே குடியிருப்பாகிவிட்டது.

ஓவியம் பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான், குப்பை லாரியில் போகலையே! ஆனால் ஒரு நெருடல். ஓவியரின் பெயருக்கு மார்க்கெட் இருந்தது, அதனால் அது ரியல் எஸ்டேட் பிராண்டாகவும் ஆனது. பெயர் இல்லாதவர் வரைந்திருந்தால்?

அதற்கும் அதே ஊரில் ஓர் உதாரணம் இருக்கு. டோரதி ஆனன். பைப்பர் அளவுக்குப் பிரபலம் இல்லை. 1960-ல் ஃபேரிங்டன் ஸ்ட்ரீட் தொலைபேசி இணைப்பகத்துக்காக ஒன்பது செராமிக் ஓவியங்கள் செய்தார். எல்லாமே கேபிள், கோபுரம், ஆன்டெனா என்று அந்தக் கட்டடத்துக்குள் நடந்த வேலையைப் பற்றியவை. இடத்தை மறுபடி கட்டத் திட்டம் வந்தபோது ஆர்வலர்கள் குரல் கொடுத்தார்கள். 2011-ல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 2013-ல் பார்பிகன் வளாகத்தின் நடைபாதைக்கு மாற்றினார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் நடந்துபோய்ப் பார்க்கலாம்.

என் கருத்து இதுதான்: தொழிற்கூட ஓவியத்தைக் காப்பாற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது 'யார் வரைந்தது' என்று முதலில் கேட்பதே தப்பு. 'எந்த வேலைக்காக, யார் தினமும் பார்ப்பதற்காக வரைந்தது' என்று கேட்கணும். கட்டடம் கைமாறுவதற்கு முன்பே, அங்கே வேலை பார்த்தவர்களிடம் பேசி அதைப் பதிவு பண்ணணும். கையெழுத்தான பிறகு கேட்டால் யார் காதில் விழப்போகிறது?

ஆனன் ஓவியத்தைப் பார்த்தால் அங்கே என்ன வேலை நடந்தது என்று புரிந்துவிடும். ஃபுல்ஹாமில் ஓவியருக்கு ஒரு கட்டடமே இருக்கு. அதற்குக் காசு கொடுத்த கேஸ் போர்டுதான் அந்தப் பெயரில் எங்கேயும் இல்லை.