வீடு தேடும் படமும் வீடு பூட்டிய ஊரும்

ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார் சென்னையில் ஒரு வீட்டுக்கார அம்மா. கணவனும் மனைவியும் சின்னப் பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வேறு வீடு தேடுகிறார்கள். செழியன் எடுத்த ‘டுலெட்’ படத்தின் கதை இவ்வளவுதான். பாட்டு இல்லை, சண்டை இல்லை, பின்னணி இசைகூட இல்லை. போன வாரம் காரைக்குடி கல்லூரிச் சாலை வளாகத்தில் மாணவர்கள் இதை இலவசமாகப் போட்டார்கள். அக்கா மகள் கூப்பிட்டதற்காகத்தான் போனேன். பாதியில் எழுந்துவிடலாம் என்று கதவோரமாக உட்கார்ந்தவன், படம் முடிந்து, அதைப் பற்றிய பேச்சும் முடிந்து, வாட்ச்மேன் சாவியோடு வந்து நிற்கும்வரை நகரவில்லை.

கதை நடப்பது 2007இல். ஐ.டி. சம்பளம் வந்து சென்னை வாடகையைத் தூக்கிவிட்ட காலம். கணவன் சினிமாவில் வாய்ப்புத் தேடுகிறவன். என்ன வேலை, என்ன சாதி, சைவமா அசைவமா என்று வாசலுக்கு வாசல் கேட்கிறார்கள். இவர்கள் குடியிருக்கும்போதே புதிதாக வீடு பார்க்க வருகிறவர்கள் உள்ளே நுழைந்து அறை அறையாகப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் மனைவி எங்கே போய் நிற்பாள்? இசை போட்டு நம்மை அழவைக்காததால் அந்தக் கூச்சம் நமக்கே வந்துவிடுகிறது. எனக்குப் பின்னால் இருந்த ஹாஸ்டல் பையன்கள் முதலில் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுபோனது.

இதைக் காரைக்குடியில் பார்ப்பது தனி அனுபவம். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடுகள் எங்கள் பக்கம் வரிசையாக நிற்கின்றன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். காவலுக்கு ஓர் ஆளை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் திறக்கிறார்கள். இடையில் நாள் வாடகைக்குச் சினிமாவுக்குத் திறக்கிறார்கள். பெரிய குடும்பத்துக் கதை என்றால் உடனே வண்டி கட்டிக்கொண்டு இங்கேதான் வருகிறார்கள். சினிமாக்காரன் என்பதற்காகவே வீடு மறுக்கப்படுகிறவன் கதையை, சினிமாவுக்கென்றே பல வீடுகள் திறக்கிற ஊரில் உட்கார்ந்து பார்த்தேன். மனசு ரொம்பச் சங்கடப்பட்டது.

படம் முடிந்ததும் நடந்த பேச்சுதான் இன்னும் பெரிய விஷயம். மானாமதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, “இங்க ரூம் கேட்டுப் போனா முதல்ல ஊர் கேப்பாங்க சார். அடுத்தது, ‘நீங்க என்ன ஆளுக?’ன்னு கேப்பாங்க. சென்னைக்குப் போக வேண்டியதே இல்ல” என்றான். யாரும் மறுக்கவில்லை. பேத்தியோடு வந்திருந்த ஆச்சி ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “எங்க வீட்டுக்குப் பதினாறு பங்கு தம்பி. பதினாறு பேரும் ஒரு நாள்ல வந்து உக்காந்ததே இல்ல. விக்கவும் முடியல, இருக்கவும் ஆளில்ல.” இந்த இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து இதைப் பேச வேறு எந்த இடம் இருக்கிறது? தியேட்டரில் படம் முடிந்ததும் பக்கக் கதவைத் திறந்து நேரே வண்டி நிறுத்துமிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். டிக்கெட் போட்டிருந்தால் அந்த ஆச்சி வந்திருப்பாரா என்பதும் சந்தேகம்தான்.

செழியன் சிவகங்கைக்காரர். ‘தென்மேற்குப் பருவக்காற்று’, ‘பரதேசி’ படங்களின் ஒளிப்பதிவாளர். ஆனந்த விகடனில் அவர் எழுதிய உலக சினிமா தொடர் வழியாகத்தான் என்னைப் போன்றவர்கள் பல வெளிநாட்டுப் படங்களின் பெயரையே தெரிந்துகொண்டோம். அவருடைய மனைவி பிரேமாவே தயாரித்த இந்தப் படம் 65ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வாகி, 2019 பிப்ரவரியில் திரைக்கு வந்தது. நம் மாவட்டத்துக்காரர் படத்தை நம் ஊரில் கூட்டமாக உட்கார்ந்து பார்க்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இத்தனைக்கும் சினிமா இந்த ஊருக்குப் புதுசு இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னையில் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் சொந்த ஊர்ப் பக்கமே வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம்தான். அடுத்த வருஷமே ஸ்டுடியோ சென்னைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு படம் எடுக்க வருகிறார்கள், போகிறார்கள். ஒரு படத்தை நிதானமாகப் பார்த்துப் பேசுகிற பழக்கம் மட்டும் இங்கே வேர்விடவில்லை. அந்த வேலையை ஒரு புரொஜெக்டரையும் ஒரு வெள்ளைத் திரையையும் வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைகள் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அடுத்து என்ன போடலாம் என்று கேட்டார்கள். பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ போடுங்கள் என்றேன். 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம், ஒன்றேகால் மணி நேரம்தான். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில் எடுத்தது. அந்த ஊர் வெயிலை நம் பிள்ளைகளுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மானாமதுரைப் பையன் பெயரைக் குறித்துக்கொண்டான். ஆச்சி, “பகல்லயே போடுங்கப்பா, எங்களுக்குக் கடைசி பஸ் சீக்கிரம் போயிடும்” என்றார்.