வீட்டில் ஒரு குரற்பதிவு

1954-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவர்களின் இசைத்தட்டுக்களை இன்றும் கேட்டு மகிழ்கிறோம். அவருடைய குருநாதர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை அவர்களோ இசைத்தட்டுக்கு இசையவில்லை. லய மேதையென்று போற்றப்பட்ட அப்பெரியாரின் குரலைக் கேட்க நமக்கு வழியே இல்லை.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குடும்பங்களில் பாட்டிமார் பாடும் தாலாட்டும் நலங்குப் பாட்டும் அவ்வாறு மறைய விடலாகாது. நல்ல மைக்கும், அதன் மெல்லிய மின்னலையை வலுப்படுத்தி எண்களாக்கிக் கணினிக்குத் தரும் ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ என்னும் சிறு பெட்டியும் இருந்தால் போதும்.

கடைக்காரர் எட்டு மைக் செருகும் பெட்டியைக் காட்டக்கூடும், வேண்டா. குரலுக்கொன்று, வயலினுக்கொன்று என இரண்டு போதும். ஆனால் இரண்டும் மைக் ஏற்பனவா என்று பார்த்து வாங்குக. சிலவற்றில் ஒன்றே ஏற்கும். கண்டென்சர் மைக்காயின் 48 வோல்ட் மின்சாரமும் பெட்டியே தர வேண்டும்.

பலரும் பிழைபடுவது கெயின் குமிழிலேதான். கீழ் ஸ்தாயியைக் கேட்டு அளவு வைத்தால், மேலே ஏறுகையில் குரல் சிதறிவிடும். சிதறியதைப் பின்னர் முழுமையாக மீட்க இயலாது. ஆகவே முதலில் உரத்த பகுதியைப் பாடச் செய்து, அப்போதும் அளவு −12 டெசிபெலைத் தாண்டாதபடி வைக்க. 24 பிட்டில் பதிந்தால் மெல்லிய ஒலியைப் பின்னர் உயர்த்திக் கொள்ளலாம்.

ஹெட்போனில் குரல் பிந்தி வந்து தாளம் தடுமாறினால் ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தானை அழுத்துக. பாட்டியாருக்கு ஹெட்போனே வேண்டா. அவர் இயல்பாகப் பாடட்டும்.

மின்விசிறியை நிறுத்தியே பதிய வேண்டும். சித்தூர் வெயிலில் அது தவமே! விடியற்காலையில் வைத்துக்கொள்வது நலம்.