கோழிக்கு லீவு கிடையாது

நம்ம கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "பத்து நாட்டுக்கோழி வாங்கி விடுங்க. அது பாட்டுக்கு மேயும், அது பாட்டுக்கு முட்டை வைக்கும். செலவே இல்லாத வருமானம்." நானும் மைக் பிடித்து இதைச் சொன்னவன்தான், ஒரு தடவை இல்லை, பல தடவை. இனிமேல் சொல்வதாக இல்லை. ஏன் என்று எழுதத்தான் இந்தக் கட்டுரை. யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும், வந்து சண்டை போடுங்கள். மோர் இருக்கிறது.

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். கல்லணைக் கால்வாய்த் தண்ணீரை நம்பிய கடைமடை. நெல் கொஞ்சம், தென்னை கொஞ்சம். இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். என் தம்பி மகனும் ஏழு வருடம் துபாயில் இருந்துவிட்டுப் போன வருடம் திரும்பி வந்தான். அங்கே அவனுக்கு வேலை ஒரு பெரிய வீட்டில் ராஜாளிகளைப் பராமரிப்பது. வேட்டைக்குப் பழக்கிய பறவைகள்.

வந்த ஒரு வாரத்தில் வயல் வரப்பில் என்னோடு நடந்தான். மின்கம்பியில் ஒரு வல்லூறு உட்கார்ந்திருந்தது. "பெரியப்பா, இதை ஒண்ணு புடிச்சுப் பழக்கலாமா?" என்றான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிக்கவும் கூடாது, வளர்க்கவும் கூடாது, ஜெயிலுக்குத்தான் போவே என்றேன். சிரித்துவிட்டு, "அப்ப கோழி வளர்க்கிறேன், ஒரு அம்பது வாங்கிக் குடுங்க" என்றான். "கோழிதானே, அதுல என்ன இருக்கு?"

அந்த "கோழிதானே" என்னைக் குத்தியது. ஏனென்றால் அதற்கு முந்தின நாள் ராத்திரிதான் திண்ணையில் உட்கார்ந்து ராஜாளி வளர்ப்பைப் பற்றி இரண்டு மணி நேரம் சொல்லியிருந்தான். தினமும் காலையில் பறவையைத் தராசில் நிறுத்தி எடை எழுத வேண்டும். எடை கூடிப்போனால் பசி இருக்காது, பறக்கவிட்டால் திரும்பி வராது. குறைந்துபோனால் உடம்பு தளர்ந்துவிடும். அன்றைய எடையைப் பார்த்துத்தான் அன்றைக்கு எத்தனை கிராம் காடைக்கறி என்று முடிவு செய்வார்கள். எச்சத்தின் நிறத்தைப் பார்ப்பார்கள், நகத்தைப் பார்ப்பார்கள், கால் அடியில் புண் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த நாட்டில் அந்தப் பறவைக்குத் தனி பாஸ்போர்ட்டே உண்டு. அபுதாபியில் 1999-லிருந்து ராஜாளிக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி நடக்கிறது. "எனக்குக் காய்ச்சல்னா லீவு உண்டு பெரியப்பா, அதுக்குத் தீனி வைக்கிறதுக்கு லீவு இல்ல. நான் படுத்தா இன்னொருத்தன் நிக்கணும்."

அமெரிக்காவில் ஒருவர் வேட்டைப் பறவை வளர்க்க வேண்டுமென்றால் முதலில் தேர்வு எழுத வேண்டும். கூண்டை அதிகாரி வந்து பார்ப்பார். அதன்பிறகு அனுபவமுள்ள ஒருவரிடம் குறைந்தது 2 வருடம் சீடனாக இருக்க வேண்டும். நம்ம நாட்டிலும் இது புதிதில்லை. குமாவோன் மலைநாட்டு அரசர் ருத்ரதேவர் பருந்து, வல்லூறுகளைப் பழக்குவது பற்றி 'சைனிக சாஸ்திரம்' என்று சமஸ்கிருதத்தில் ஒரு நூலே எழுதிவைத்தார். பறவைக்கு நோய் வந்தால் என்ன மருந்து என்பது வரை அதில் உண்டு. 2010-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வம் என்று பட்டியலில் சேர்த்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே குமாவோன் மலையில்தான் ராணிகேத் என்ற ஊரும் இருக்கிறது. நம் கோழிகளைக் கூண்டோடு கொண்டுபோகிற வெள்ளைக்கழிச்சலுக்கு 'ராணிகேத் நோய்' என்று பேர் வந்தது அந்த ஊரால். ராஜாளிக்கு ஒரு சாஸ்திரம் தந்த மலை, கோழிக்கு ஒரு நோயின் பேரைத் தந்திருக்கிறது. நாம் கோழியை எவ்வளவு மதிக்கிறோம் என்பதற்கு இதுவே போதும்.

நான் கேட்பது இதுதான். அந்த ஒற்றை ராஜாளிக்குக் கொடுக்கிற பொறுப்பில் பாதியாவது நம் முற்றத்துக் கோழிக்கு உண்டா? உண்டு என்றால் அதை யார் சுமக்கிறார்கள்?

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் தோப்பைப் புரட்டிப் போட்டது. 80 தென்னையில் 11 நின்றது. பேராவூரணி, பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தென்னை விழுந்தால் அடுத்த காய்க்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் எங்கள் வீட்டில் கையில் காசு புரண்டது என்றால் அது கோழியால். சிறுவிடைப் பெட்டைகள் ஏழு, சேவல் ஒன்று தப்பியிருந்தன. அதிலிருந்து பெருக்கினோம். முட்டை விற்றது, பொங்கலுக்கும் ஆடிக்கும் சேவல் விற்றது, மளிகைக் கடன் அடைந்தது. மேடையில் நான் பேசியது இதைத்தான். "புயலில் தென்னை போச்சு, கோழி காப்பாத்துச்சு." கை தட்டினார்கள்.

போன ஆவணியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். நெருங்கின சொந்தம், இரண்டு ராத்திரி தங்கவேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுப் பையனிடம் கூட்டை அடைக்கச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் போனோம். முதல் நாள் அடைத்தான். இரண்டாம் நாள் மறந்துவிட்டான், அவன் சின்னப்பிள்ளை, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. திரும்பி வந்து பார்த்தால் 14 கோழி செத்துக் கிடக்கிறது. மரநாய். தின்றது இரண்டுதான் இருக்கும், மற்றதெல்லாம் கழுத்தைக் கடித்துப் போட்டது. அடையில் இருந்த பெட்டை முட்டைமேல் உட்கார்ந்தபடியே செத்திருந்தது.

நான் பையனைத் திட்ட வாயெடுத்தேன். வீட்டுக்காரம்மா தடுத்தாள். "அவனை ஏன் திட்டுறீங்க? ஆறு வருசமா எங்க அண்ணன் வீட்ல ஒரு ராத்திரி நான் தங்கியிருக்கேனா? நீங்க கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. சத்தியமாகக் கவனிக்கவில்லை. விடியுமுன் எழுந்து பஞ்சாரத்தைத் தூக்குவது, குஞ்சுக்கு நொய் போடுவது, தண்ணீர்த் தட்டைத் தேய்த்துக் கழுவுவது, எந்தக் கோழி கேருது என்று பார்த்து முட்டை எண்ணி அடை வைப்பது, 21 நாள் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது, அடைக்கோழியைத் தினம் ஒரு தடவை இறக்கிவிட்டுத் தீனி காட்டுவது, செல் பிடித்த கூட்டைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பது, பொழுது சாய எண்ணி அடைப்பது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வேலியோரம் தேடுவது. இத்தனையும் அவள் செய்தாள். நான் கரையான் பானை கவிழ்த்து வைத்துவிட்டு, அதைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

செலவே இல்லாத வருமானம் என்றோமே, வீட்டுப் பெண்களின் நேரத்தை நாம் செலவில் எழுதவில்லை. வேறு ரகசியம் எதுவும் அதில் இல்லை. இயற்கை வேளாண்மை பேசுகிற நாமே இதை எழுதவில்லை என்றால், ரசாயனக் கம்பெனிக்காரன் மண்ணுக்கு ஆகிற சேதத்தைக் கணக்கில் எழுதுவதில்லை என்று எந்த வாயால் கேட்பது?

பொறுப்பு எடுக்காமல் பறவையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒரு தடவை பார்த்துவிட்டது. ஈமுக் கோழி ஞாபகம் இருக்கிறதா? 2012-இல் பெருந்துறைப் பக்கம் அந்த வியாபாரம் கவிழ்ந்தபோது முதலாளிகள் ஓடினார்கள், பறவைகள் பட்டியில் பட்டினி கிடந்தன. கடைசியில் அரசாங்கம் தீனி போடவேண்டி வந்தது. பணம் போட்டவர்கள் கோர்ட்டுக்குப் போகலாம். ஈமு எங்கே போகும்? நாட்டுக்கோழியை ஈமுவோடு சேர்க்காதீர்கள் என்பீர்கள். சரிதான், நாட்டுக்கோழி நம்மது. ஆனால் 'லட்சம் சம்பாதிக்கலாம்' என்று ஆரம்பித்து, ஒரு சித்திரையில் கழிச்சல் வந்து கொட்டகையைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் இந்த ஒன்றியத்திலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

கழிச்சலைப் பற்றி ஒரு வார்த்தை, இது நம் ஆட்களுக்குப் பிடிக்காது. சின்ன வெங்காயம், சீரகம், கீழாநெல்லி, மிளகு, மஞ்சள் எல்லாம் நானும் அரைத்துக் கொடுக்கிறேன், தொடர்ந்து கொடுப்பேன். ஆனால் கழுத்து திருகி விழுந்த கோழிக்கு அது போதாது. குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, 8-ஆம் வாரம் ஊசி. பிப்ரவரி மாதம் கால்நடைத் துறை முகாம் போடுகிறது, காசு இல்லை. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, போய்க் கேளுங்கள். தடுப்பூசி போட்டால் இயற்கை விவசாயி இல்லை என்று சொல்கிறவர் என் வீட்டுக்கு வந்து, செத்த கோழிக்குக் குழி வெட்டட்டும்.

இனி வல்லூறுக்கு வருகிறேன், விஷயம் அங்கேதான் ஆரம்பித்தது. கோழி வளர்க்கிறவனுக்குப் பருந்தும் வல்லூறும் விரோதி. குஞ்சைத் தூக்கும்போது வயிறு எரியத்தான் செய்யும். அதற்காக, செத்த கோழியில் விஷம் தடவி வைக்கிற பழக்கம் நம் ஊர்களில் இன்னமும் இருக்கிறது. அதில் பருந்து மட்டும் சாவதில்லை. நாய் சாகும், கீரி சாகும், காக்கை சாகும்.

நான் விஷம் தடவியதில்லை. ஆனால் வேறொன்று செய்தேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கோழித் தீனி மூட்டையை எலி கிழித்துக்கொண்டே இருந்தது. கடையில் எலி பிஸ்கட் வாங்கி மூலையில் வைத்தேன். வயலில்தானே மருந்து கூடாது, வீட்டுக்குள் என்ன என்று ஒரு சமாதானம். அந்த மருந்து தின்ற எலி உடனே சாகாது, இரண்டு மூன்று நாள் தள்ளாடித் திரியும், உள்ளுக்குள் ரத்தம் கசியும். அப்படித் தள்ளாடுகிற எலி கூகைக்குச் சுலபமான இரை. ஒரு வாரம் கழித்துப் பனைமரத்தடியில் கூகை செத்துக் கிடந்தது. எங்கள் வயலில் நாங்கள் நட்ட பறவை இருக்கையில் ராத்திரி உட்கார்கிற கூகை அது. ஒரு ராத்திரிக்கு இரண்டு மூன்று எலி, குஞ்சு வைத்திருந்தால் அதற்கும் மேலே பிடிக்கும். மலேசியாவில் செம்பனைத் தோட்டக்காரர்கள் பெட்டி அடித்து மாட்டி வைத்து இதே கூகையைக் கூப்பிடுகிறார்கள். நான் தானாக வந்ததைக் கொன்றேன். அந்தச் சம்பாவில் எலி வெட்டு எப்படி இருந்தது என்று எழுதவில்லை, வெட்கமாக இருக்கிறது. தஞ்சாவூர் மூங்கில் கிட்டி இருக்கும்போது பிஸ்கட் எதற்கு?

வல்லூறு கோழிக்குஞ்சைத் தூக்குவது உண்மை. ஆனால் அது அதிகமாகத் தின்பது ஓணான், எலி, வெட்டுக்கிளி, சின்னக் குருவி. குஞ்சு போகிறது என்றால் பெரும்பாலும் நம் முற்றம் வெட்டவெளியாக இருக்கிறது என்று அர்த்தம். கஜாவுக்குப் பிறகு நிழல் போனதும் எங்கள் வீட்டில் குஞ்சு இழப்பு கூடியது, அதுதான் காரணம். வேலியோரம் ஆடாதொடை, நொச்சி, கறிவேப்பிலை என்று அடர்த்தியாக வைத்தோம். முதல் ஆறு வாரம் குஞ்சுகளைத் தாயோடு பந்தலுக்கு அடியில் வைக்கிறோம். தாய்க்கோழி குரலை மாற்றிக் கூவினால் குஞ்சு ஓடி ஒளிய இடம் வேண்டும், அவ்வளவுதான். இப்போதும் வருடத்துக்கு நாலைந்து போகிறது. போகட்டும். வயலில் அது செய்கிற வேலைக்கு நான் கூலி கொடுத்ததில்லை.

தம்பி மகனுக்கு நான் ஐம்பது கோழி வாங்கித் தரவில்லை. ஒரு பெட்டையும் 11 முட்டையும் கொடுத்தேன், 9 பொரித்தது. துபாயில் எழுதின மாதிரியே ஒரு நோட்டுப் போட்டு எழுது என்றேன். வாரம் ஒரு நாள் குஞ்சை எடை போடுகிறான், எச்சத்தின் நிறத்தைப் பார்க்கிறான், ஊர் சிரிக்கிறது. மூன்றாவது மாதம் வந்து, "பெரியப்பா, ராஜாளியே தேவலாம், அது பக்கத்து வீட்டு நாத்தங்காலைக் கிளறாது" என்றான். அந்தச் சண்டையைத் தீர்க்கவே இரண்டு நாள் ஆனது எங்களுக்கு. நாத்து விட்ட 25 நாளைக்குக் கோழியை அடைத்துவைக்கவேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம், அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் இப்போது மூன்று வீடு சேர்ந்து முறை வைத்திருக்கிறோம். யார் ஊருக்குப் போனாலும் மற்ற இரண்டு வீட்டில் ஒரு ஆள் வந்து எண்ணி அடைக்க வேண்டும். ஆம்பளைகளுக்கும் முறை உண்டு, அதில் கண்டிப்பு. பயிற்சி நடத்துகிற தோழர்களிடம் நான் கேட்பது, கோழிக்குஞ்சு கொடுக்குமுன் "பொழுது சாய உங்க வீட்டில் யார் அடைப்பாங்க?" என்று கேளுங்கள். கணவனும் மனைவியும் வெவ்வேறு பதில் சொன்னால் குஞ்சு கொடுக்காதீர்கள்.

வீட்டுக்காரம்மா நேற்று அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நாலு நாள் தங்குவதாகச் சொல்லியிருக்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி ஆறாகிவிட்டது, கிழக்கே மழை மூட்டம். 31 எண்ண வேண்டும், கொடுக்காப்புளியில் ஏறுகிற அந்தச் சிவப்புப் பெட்டையை இறக்க ஏணி வேறு எடுக்கவேண்டும்.