குடிசன மதிப்பீட்டில் எமது பெயர்

2021ஆம் ஆண்டு, சிட்னியில் பயிலும் என் மகளுக்குப் பாடசாலையில் குடும்ப மரம் வரையும் ஒப்படை தரப்பட்டது. அவளது தோழி ஒருத்தி, 1828ஆம் ஆண்டின் நியூ சவுத் வேல்ஸ் குடிசன மதிப்பீட்டிலிருந்து தன் மூதாதையின் விபரத்தை எடுத்து வந்திருந்தாள். பெயர், வயது, சமயம், வந்திறங்கிய கப்பல் யாவும் அதில் இருந்தன. கைதியாக வந்தவராம்! என் மகளின் மரமோ பூட்டனாருடன் நின்றுவிட்டது. "இலங்கைக் கணக்கெடுப்பில் தேட முடியாதா அப்பா?" என்றாள்.

முடியாது. இலங்கையில் 1871 முதல் மதிப்பீடுகள் நடைபெறுகின்றன. 1901ஆம் ஆண்டு மதிப்பீட்டை நடத்தி அறிக்கை எழுதியவர் பொன்னம்பலம் அருணாசலம். ஆயினும் அவ்வறிக்கைகளில் தொகைகளே உண்டு. குடும்பங்களின் பெயர்கள் இல்லை. போர்க்காலத்தில் தொகையும் தவறியது. 1981இன் பின் நாடு முழுவதையும் எண்ணியது 2012இலேயே.

எனவே எம்மவர் தேடவேண்டிய இடம் வேறு. பிறப்பு, விவாகப் பதிவுகளும் தேவாலயப் பதிவேடுகளும் உதவும். அவற்றினும் மேலானவை காணி உறுதிகள். யாழ்ப்பாணத்துச் சீதன உறுதி ஒன்றை விரித்துப் பாருங்கள். கொடுத்த பெற்றோர், பெற்ற மகள், காணி முன்னர் எவரிடமிருந்து வந்தது என்ற விபரம் எல்லாம் அதில் கிடைக்கும். பெண்வழியை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் ஆவணம் எம்மிடம் வேறில்லை. சிட்னி, மெல்பேர்ண் வீடுகளில் சேலைகளுக்கு அடியில் இவை எத்தனை கிடக்கின்றனவோ! அவற்றை வாசித்து விளக்கவல்ல முதியோர் இன்னும் எம்மிடையே உள்ளனர்.

அவுஸ்திரேலியாவிலும் பெயர்கள் எளிதில் தப்பவில்லை. நியூ சவுத் வேல்ஸின் 1881 மதிப்பீட்டு ஏடுகள் மறு ஆண்டே சிட்னியில் கார்டன் பலஸ் தீயில் எரிந்தன. இருபதாம் நூற்றாண்டிலோ எண்ணி முடிந்ததும் படிவங்கள் அழிக்கப்பட்டன. 2001 முதல்தான், இசைவு தருவோரின் விபரங்கள் பெயருடன் தேசிய ஆவணக் காப்பகத்தில் 99 ஆண்டுகள் மூடி வைக்கப்படுகின்றன. 2001இன் பதிவுகள் 2100இல் திறக்கப்படும். அவ்வினாவை வெறுமையாக விட்டால் மறுப்பு என்றே கொள்ளப்படும்.

2011இல் நானும் வெறுமையாக விட்டவனே. 1983 ஆடியில் கொழும்பில் வாக்காளர் இடாப்புகளுடன் தமிழர் வீடுகளைத் தேடி வந்தோரைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவனுக்குப் பெயர்ப் பட்டியல் என்றாலே அச்சம். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அந்த இடாப்பு அன்றே அவர்கள் கைக்கு எட்டியது. இதுவோ எமது காலத்தின் பின்னரே திறக்கப்படுவது. இதனை எமது பெற்றோர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2021 மதிப்பீட்டில் நானும் மனைவியும் மகளும் 'ஆம்' என்றோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இசைவு கேட்கப்படுவதால் என் தாயாரையும் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். அவ்வாறே குறித்தேன். ஆனால் மறுநாள், தமது சீதன உறுதியை எடுத்து வந்து பேத்தியிடம் கொடுத்தார்.